பழைய பிளேயர், புது ஸ்டாஃப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதுரையில் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் கால்பந்தில் லெஃப்ட் அவுட் (இடது ஓர முன்வரிசை) ஆடினேன், கடைசி வருடம் கேப்டன். பல்கலைக்கழக டீமிலும் ஒரு தடவை இடம் கிடைத்தது. பி.பி.எட். (உடற்கல்வியில் இளங்கலை) முடித்துவிட்டேன். இப்போது அதே கல்லூரியில் சுயநிதிப் பிரிவுக்கு உடற்கல்வி உதவியாளராக வரச் சொல்கிறார்கள், மாதம் 12,000. அப்பாவோ, "திருப்பூர்ல மாமா கம்பெனிக்குப் போ, இருபதாயிரம் தர்றாங்க" என்கிறார். எனக்குக் கிரவுண்டை விட்டுப் போக மனசில்லை. என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், செல்லூர்

பதில்: கல்லூரிக்கே போங்கள் தம்பி. ஆனால் எத்தனை வருடத்துக்கு, எதற்காக என்பதை முடிவு பண்ணிக்கொண்டு போங்கள், ஏனென்றால் நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் பழைய பிளேயர் ஒருத்தர் ஸ்டாஃபாக இருந்தால் அவர் நிலைமை எப்படி என்று நான் பார்த்திருக்கிறேன். காலையில் ஆறு மணிக்கு முதல் ஆளாகக் கிரவுண்டில் நிற்பார். மார்க்கர் (கிரவுண்டைப் பராமரிப்பவர்) லீவு போட்டால் இவரே கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போடுவார், கிழிந்த கோல் வலையை நைலான் கயிற்றால் முடிவார், திண்டுக்கல்லில் மேட்ச் என்றால் பையன்களோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போவார், ஒருத்தனுக்குக் கணுக்கால் சுளுக்கினால் ஆஸ்பத்திரியில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பார். எல்லாரும் மரியாதையாகத்தான் நடத்துவார்கள். ஆனால் நிரந்தர இடம் ஒன்று காலியாகும்போது, தகுதிக்கான காகிதங்களோடு வெளியிலிருந்து வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். விதி அப்படி.

அந்த விதியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் வகுத்த நெறிமுறைப்படி உடற்கல்வியில் முதுகலை, அதாவது எம்.பி.எட்., 55 சதவீதத்தோடு வேண்டும். அதற்கு மேல் நெட் அல்லது செட் (தேசிய, மாநில அளவிலான ஆசிரியர் தகுதித் தேர்வுகள்), இல்லாவிட்டால் பிஎச்.டி. அப்புறம், உங்களுக்கு இனிப்பான செய்தி, கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போட்டிகளில் ஆடியதற்கான சான்றும் வேண்டும். நீங்கள் மூன்று வருடம் ஓடிய ஓட்டம் வெறும் நினைவு இல்லை, அதுவே ஒரு தகுதி. இன்டர் காலேஜ், பல்கலைக்கழகப் போட்டி சான்றிதழ்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், ஏதாவது காணாமல் போயிருந்தால் உங்கள் பழைய பி.டி. சார் அந்தக் கல்லூரியில் இருக்கும்போதே நகல் வாங்கிவிடுங்கள்.

எம்.பி.எட். இரண்டு வருட முழுநேரப் படிப்பு. தபாலில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பைசா கட்டாதீர்கள். அதனால் என் யோசனை இதுதான்: ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் இங்கே வேலை பாருங்கள், பணம் சேருங்கள், பிறகு வெளியே போய்ப் படியுங்கள். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை நந்தனத்தில் ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இருக்கிறது, வண்டலூர்ப் பக்கம் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இடையில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் 'டி' லைசென்ஸ் என்ற தொடக்கநிலைக் கோச் பயிற்சியையும் முடித்துவிடுங்கள், நன்றாக ஆடுகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

சேரும்போதே எழுத்தில் ஆர்டர் வாங்குங்கள், பதவியின் பெயரும் சேர்ந்த தேதியும் அதில் இருக்கவேண்டும். "நம்ம பையன்தானே, அதெல்லாம் எதுக்கு" என்பார்கள். நம்ம பையன் என்பதால்தான் கேட்க வேண்டும், பின்னால் அனுபவச் சான்றிதழ் வாங்க அது இல்லாமல் அலைகிறவர்கள் நிறையப் பேர். பி.எஃப். பிடிப்பார்களா என்றும் கேளுங்கள்: 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 15,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்குப் பொதுவாக அது கட்டாயம். அப்பாவிடம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவருக்குக் கிரவுண்டின் மேல் கோபம் இல்லை, உங்கள் முப்பதாவது வயதை நினைத்துப் பயம்.

கேள்வி: என் பேரன் அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அங்கே ஃபுட்பால் கோச், அதே பல்கலைக்கழகத்தில் ஆடினவராம், ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிறதாம். ஒரு கல்லூரி கோச்சுக்கு அவ்வளவு மதிப்பா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி

பதில்: உண்மைதான் ஐயா. அது நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை, இரண்டு முனையும் கூம்பிய பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். பேரன் சொல்வது கிர்பி ஸ்மார்ட்டை. 1995 முதல் 1998 வரை ஜார்ஜியாவுக்குத் தடுப்பாட்டக்காரராக ஆடினார், முடித்த கையோடு அதே டீமில் ஒரு சின்ன நிர்வாக வேலையில் சேர்ந்தார். அதோடு உட்கார்ந்துவிடவில்லை. வால்டோஸ்டா ஸ்டேட், புளோரிடா ஸ்டேட், எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) என்று வேறு பல்கலைக்கழகங்களைச் சுற்றி, 2005-இல் ஒரு வருடம் ஜார்ஜியாவுக்கு வந்துபோய், அலபாமாவில் ஒன்பது வருடம் வேலை பார்த்து, 2016 சீசனுக்குத்தான் தலைமைக் கோச்சாகத் தாய்க் கல்லூரிக்குத் திரும்பினார். 1980-க்குப் பிறகு சாம்பியன் பட்டமே பார்க்காத ஜார்ஜியாவுக்கு 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு சீசனில் பட்டம் வாங்கிக் கொடுத்தார். கொண்டாட மாட்டார்களா?

இந்த வழியில் அவருக்கு முன்னோடி, 'பேர்' (கரடி) என்ற பட்டப்பெயர் கொண்ட கோச் பிரையன்ட். அலபாமாவில் ஆடி, அங்கேயே உதவிக் கோச்சாக இருந்து, பிறகு நான்கு பல்கலைக்கழகங்களில் வேலை பார்த்து, 1958-இல் திரும்பி வந்து 1982 வரை இருந்தார், ஆறு தேசியப் பட்டங்கள். கடைசி மேட்ச் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1983 ஜனவரியில் இறந்துபோனார். செல்லூர் தம்பியும் இதைப் படிக்கட்டும்: இரண்டு பேருமே வெளியே போய்த் தொழில் கற்றுக்கொண்டுதான் சொந்தக் கல்லூரிக்குப் பெரிய ஆளாக வந்தார்கள். அங்கே கல்லூரி ஆட்டத்தில் கோடிக்கணக்கில் பணம் புரள்கிறது, இங்கே அது கிடையாது, அந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம். ஆனால் வெளியே போய்க் கற்றுவருவதற்கு அந்தக் கோடிகள் தேவையில்லை.

கேள்வி: எனக்கு வயது 38. எம்.பி.எட்., நெட் முடித்து, படித்த கல்லூரியிலேயே தற்காலிகமாக இருக்கிறேன். நிரந்தரப் பதவிக்கு ஓட்டத் தேர்வு உண்டாமே?
— வாசகர், மேலூர்

பதில்: உண்டு. ஆண்களுக்கு 12 நிமிடம், ஓடலாம், நடக்கலாம். 30 வயது வரை 1,800 மீட்டர், 40 வரை 1,500, 45 வரை 1,200, 50 வரை 800. உங்களுக்கு 1,500, அதாவது 400 மீட்டர் டிராக்கில் நாலு ரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. தினமும் மெதுவாக ஓடுகிறவருக்குச் சிரமமே இல்லை. தேர்வுக்கு முன்னால் மருத்துவச் சான்று தரவேண்டும், அதற்காகவாவது ஒரு தடவை பி.பி., இ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் காலையில் ஓடிப் பழகுங்கள்.

கேள்வி: ஆடின கல்லூரியிலேயே இப்போது டீமைப் பார்த்துக்கொள்கிறேன். செலக்ஷன் வந்தால் என்னோடு ஆடினவர்கள் எல்லாம் போன் போட்டு, "நம்ம ஏரியாப் பையன், எடுத்துருப்பா" என்கிறார்கள். மறுத்தால் மனஸ்தாபம், எடுத்தால் மற்ற பையன்களுக்குத் துரோகம்.
— உடற்கல்வி ஆசிரியர், திருப்பரங்குன்றம்

பதில்: துரோகம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதனால் எடுக்கக் கூடாது என்பதில் நமக்குள் பேச்சில்லை. சொந்தக் கல்லூரியில் வேலை பார்க்கிறவருக்கு இருக்கிற மிகப் பெரிய தொல்லை இதுதான், வெளியாளுக்கு இந்த போன் வராது. முடிவை உங்கள் ஒருத்தர் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். செலக்ஷன் தேதியை ஒரு வாரம் முன்னால் நோட்டீஸ் போர்டில் போடுங்கள், பக்கத்துக் கல்லூரி பி.டி. ஒருவரையும் ஒரு ரெஃப்ரியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், பந்தை அடக்குவது, பாஸ், வேகம், ஹெட்டர் என்று தனித்தனியாக மார்க் போட்டு மூன்று பேரும் கையெழுத்திடுங்கள். யார் போன் போட்டாலும் அந்தத் தாளைக் காட்டலாம். தேறாத பையனைக் கூப்பிட்டு, எதில் மார்க் போனது என்று நேரில் சொல்லுங்கள், இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், அடுத்த வருடம் அவன்தான் முதல் ஆளாக வந்து நிற்பான். பழைய நண்பர்களுக்கும் வேலை கொடுங்கள்: செலக்ஷனுக்கு ஒரு மாதம் முன்னால் ஞாயிற்றுக்கிழமை டீமோடு ஒரு பிராக்டிஸ் மேட்ச் ஆட வரச் சொல்லுங்கள், பூட்ஸ் வாங்க வசதியில்லாத பையன் யார் யார் என்று அவர்களிடம் ஒரு லிஸ்ட் கொடுங்கள்.