மகன் நிஃப்டி விற்கிறான், வரி யாருக்கு?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் கேட்கிறார்: “ஈப்போவில் வேலை செய்யும் என் மகன், திருச்சியில் உள்ள தாய்மாமன் கணக்கில் தினமும் ஒரு லாட் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் வாங்கி விற்கிறான். 2026 ஏப்ரல் முதல் வரி கூடிவிட்டதாம். லாபம் வந்தால்தானே வரி? ஆப்ஷன்ஸுக்கு மாறினால் மிச்சமாகுமா?”

ஐயா, நிஃப்டி என்பது இந்தியப் பங்குச் சந்தைக் குறியீடு. ஃபியூச்சர்ஸ் என்பது பின்னொரு நாளுக்கான விலையை இன்றே பேசும் முன்பேர ஒப்பந்தம், லாட் என்பது அதன் அளவு. முதல் கேள்விக்கு உங்கள் ஊர்க் கணக்கிலேயே பதில் இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர் டன்னுக்கு இவ்வளவு என்றுதான் கூலி கேட்பார். ஆலையில் அன்றைய விலை ஏறியதா, இறங்கியதா என்பது அவருக்குக் கவலையில்லை. பங்குப் பரிவர்த்தனை வரியும் அப்படித்தான். 2004 முதல் இந்தியாவில் இருக்கும் இந்த வரி, ஃபியூச்சர்ஸில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒப்பந்த மதிப்பின்மீது விழும். நட்டத்துக்கு விற்றாலும் தள்ளுபடி கிடையாது.

2024 அக்டோபரில் 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 ஆனது. 2026 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் 0.05 ஆக்கினார்கள். சின்ன எண்ணாகத்தான் தெரியும். நிஃப்டி 25,000 புள்ளியில் இருக்கிறது, லாட் 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த மதிப்பு 16,25,000 ரூபாய். ஒரு முறை விற்க முன்பு 325 ரூபாய். இப்போது 812 ரூபாய் 50 காசு. அதாவது, சந்தை 12.5 புள்ளி ஏறினால்தான் வரிக்கே கட்டுப்படியாகும். தரகு அதற்கு மேல். மாதம் 20 நாள் விற்றால் வரி மட்டும் 16,250 ரூபாய். மகன் கையிலிருந்து கட்டுவது முன்பணம் மட்டும்தான், வரியோ முழு மதிப்புக்கு. அதனால்தான் இது கடிக்கிறது.

ஆப்ஷன்ஸ் என்பது குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம். அதில் விற்பவர், அந்த உரிமையின் விலையான பிரீமியத்துக்கு மட்டும் வரி கட்டுகிறார், முன்பு 0.1, இப்போது 0.15 சதவீதம். பிரீமியம் 150 ரூபாய் என்றால் ஒரு லாட்டுக்குச் சுமார் 15 ரூபாய்தான். லாபத்தில் உள்ள ஆப்ஷனை விற்காமல் முடிவு நாள்வரை விட்டால், வாங்கியவர் அதன் உள்ளார்ந்த மதிப்பில், அதாவது குறித்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தில், 0.15 சதவீதம் கட்ட வேண்டும், முன்பு 0.125. ஆக, வரி மிச்சமாவது உண்மை. ஆனால் வரிக்குப் பயந்து ஆப்ஷன்ஸுக்குப் போவது மழைக்கு ஒதுங்கப் போய் ஆற்றில் இறங்குவது போல. 2024-25 நிதியாண்டில் முன்பேர வணிகம் செய்த தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்று இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியே கணக்குச் சொல்லியிருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது: கணக்கு தாய்மாமன் பெயரில் இருக்கிறது. வரும் லாபம் சட்டப்படி அவருடைய தொழில் வருமானம். வருமான வரிப் படிவத்தில் அவர்தான் காட்ட வேண்டும். சம்பளக்காரர் நிரப்பும் எளிய படிவம் போதாது. கட்டிய பரிவர்த்தனை வரியைச் செலவாகக் கழிக்கலாம், நட்டத்தை எட்டு ஆண்டுவரை எடுத்துச் செல்லலாம். இரண்டு சலுகையும் அவருக்குத்தான், அதிலும் நட்டத்தை எடுத்துச் செல்ல, படிவத்தை உரிய காலத்தில் கொடுத்திருக்க வேண்டும். தரகரிடம் போகும் பணமும் அவருடைய சொந்த வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். நாளை நோட்டீஸ் வந்தால் திருச்சிக்கு வரும், ஈப்போவுக்கு அல்ல. மைத்துனர் உறவு கெடுவதற்கு இதைவிடச் சின்னக் காரணங்கள் போதும்.

மகனுக்கு முன்பேரத்தில்தான் மோகம் என்றால், கோலாலம்பூரில் கச்சா பாமாயில் ஃபியூச்சர்ஸ் அவர் பெயரிலேயே செய்யலாம். அதையும் நான் சிபாரிசு செய்யவில்லை. ஒரு லாட் 25 டன். டன்னுக்கு 40 ரிங்கிட் அவருக்கு எதிராக நகர்ந்தால் 1,000 ரிங்கிட் போய்விடும்.

முதலில், ஏப்ரல் முதல் தரகர் தந்த ஒப்பந்தச் சீட்டுகளை மகனிடம் வாங்கி, அவற்றில் பரிவர்த்தனை வரி என்று போட்டிருக்கும் தொகையை மட்டும் கூட்டுங்கள். செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பட்டியலைக் கூட்டிய கைக்கு அது பத்து நிமிட வேலை. வந்த தொகையை அவரிடம் காட்டிவிட்டு, தாய்மாமனுக்கு யார் தொலைபேசியில் பேசுவது என்று முடிவு செய்யுங்கள்.