புகை தெரியாவிட்டால் காற்று சுத்தமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு அருகில் நிலக்கரி அனல் மின் நிலையம் இருக்கிறது. 9 வயது மகனுக்கு ஆஸ்துமா. புகைபோக்கியில் புகையே தெரிவதில்லை. வடிகட்டி இருக்கிறது என்கிறார்கள். மாசு வரம்பைக் கடுமையாக்கக் கோரும் மனுவில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதனால் பையனுக்குப் பலன் உண்டா? மாஸ்க் போதாதா?

பதில்: தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த வடிகட்டி, மின்புலத்தால் சாம்பல் துகளை இழுத்துப் பிடிக்கும் கருவி. 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும் என்பதால்தான் புகை தெரிவதில்லை. ஆனால் வாயுக்கள் அதில் சிக்காது. நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் சல்ஃபர் டை ஆக்ஸைடு அப்படியே வெளியேறும். அமைதியாக மூக்கால் மூச்சுவிடும்போது அதில் பெரும்பகுதி மூக்கின் ஈரத்திலேயே கரைந்துவிடும். பையன் ஓடியாடி, வாயால் மூச்சு வாங்கும்போது நேரே உள்ளே போய்ச் சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைச் சுருக்கும். உலக சுகாதார நிறுவனம் இந்த வாயுவுக்கு 24 மணி நேரச் சராசரியாக கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்பதோடு, 10 நிமிடத்துக்கு 500 என்றும் தனியாக வரம்பு சொல்வது இதனால்தான்.

மிச்ச வாயு காற்றிலேயே சல்ஃபேட் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் என்பதால் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும். பெரியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயத்தையும் கூட்டும். புகைபோக்கியை உயர்த்திக் கட்டினால் மாசு அடுத்த ஊருக்குப் போகுமே தவிர, குறையாது.

என்95 மாஸ்க் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. பெரியவர்கள் அளவு மாஸ்க் சின்ன முகத்தில் படியாமல் ஓரத்தில் இடைவெளி விடும். விளையாடும் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டிருப்பதும் நடக்காத காரியம்.

மனுவில் “மாசைக் குறையுங்கள்” என்று மட்டும் இருந்தால் போதாது. சுண்ணாம்புக்கல் கரைசலால் வாயுவைக் கழுவும் அமைப்பு 90 சதவீதத்துக்கு மேல் கந்தகத்தை நீக்கும். அதில் ஜிப்சம்கூடக் கிடைக்கும். ஆனால் அதை ஓட்ட மின்சாரம் செலவாகும், அதனால் நிறுத்திவைக்கத் தோன்றும். மாதச் சராசரியில் வரம்பு வைத்தால் ஓரிரு நாள் நிறுத்தியது கணக்கில் தெரியாமலே போகும். எனவே மணிக்கணக்குச் சராசரியையும், புகைபோக்கியிலேயே பொருத்திய தொடர் அளவீட்டுக் கருவியின் எண்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுவதையும் கேளுங்கள். உலையைப் பற்றவைக்கும் நேரத்துக்கு வரம்பிலிருந்து விலக்கு உண்டா என்றும் பாருங்கள். புகையிலுள்ள இன்னொரு மாசு வாயுவான நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் வினையூக்கி சூடேறினால்தான் வேலை செய்யும். அந்த நேரத்தில்தான் அது சும்மா இருக்கும்.

சட்டம் வரும்வரை, தடுப்பு இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் மாட்டும் மருந்துக் குழாய்) வைத்துத் தினமும் கொடுங்கள். இருமல் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருக்கும் நாட்களில் மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதவைத்து, அவனுடைய உச்ச அளவைக் குறித்துவையுங்கள். அதில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அன்று வெளி விளையாட்டு வேண்டாம், மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி மருந்து கொடுங்கள். 50-க்குக் கீழே போனால் உடனடி நிவாரண இன்ஹேலரைக் கொடுத்தபடியே அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள்.