மீட்டர் பெட்டி மூடி ஏன் ஒரே இடத்தில் விரிகிறது?

கேள்வி: குளச்சலில் ஃபைபர் வள்ளம் கட்டும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். இப்போது தக்கலை அருகே சிறிய ஹைட்ராலிக் பிரஸ் வைத்து, பாலியெஸ்டர் பிசினும் கண்ணாடி இழையும் கலந்த டி.எம்.சி. மாவில் மின் மீட்டர் பெட்டிக்கு மூடி செய்கிறேன். திருகை இறுக்கும்போது, சாளரத் துளையின் ஒரு பக்கத்தில் மட்டும் மயிரிழை போல விரிசல் விழுகிறது. வள்ளத்தில் இப்படிக் கண்டதில்லை. மாவில் ஸ்டைரீன் சேர்த்து இளக்கினால் சரியாகுமா?
– வாசகர், தக்கலை

பதில்: வள்ளத்தில் நீங்கள் இதைக் காணாததற்குக் காரணம் உண்டு. அங்கே இழைப் பாயை அச்சில் விரித்து, பிசினைத் தடவி, ரோலரால் அழுத்துகிறோம். பிசின்தான் நகர்கிறது, பாய் இட்ட இடத்திலேயே கிடக்கிறது. பிரஸ்ஸிலோ, 6 முதல் 12 மில்லிமீட்டர் நீளமுள்ள இழைகள் மாவோடு சேர்ந்து ஓடுகின்றன. அவை எந்தத் திசையில் படுக்க வேண்டும் என்பதை அந்த ஓட்டமே முடிவு செய்கிறது.

ஓடும் திரவத்தில் நீண்ட துகள் எவ்வாறு சுழலும் என்பதைக் கணிதவியலாளர் ஜெஃப்ரி 1922இல் கணக்கிட்டுக் காட்டினார்; அது பெரும்பாலான நேரம் ஓட்டத்தின் திசையிலேயே கிடந்து, இடையிடையே சட்டென்று புரண்டுவிடும். உங்கள் மாவில் இழைகள் நெருக்கமாக ஒன்றையொன்று உரசுவதால் அத்தனை தாராளமாகப் புரள முடியாது. இந்த உரசலையும் கணக்கில் சேர்த்து ஆய்வாளர்கள் ஃபோல்கரும் டக்கரும் 1984இல் தந்த சமன்பாட்டின் வழியில்தான் அச்சுக்குள் மாவு ஓடுவதைக் கணக்கிடும் இன்றைய மோல்டு மென்பொருள்கள் பலவும் இழைத் திசையைக் கணிக்கின்றன.

ஏறத்தாழ 150 டிகிரி சூட்டில் இருக்கும் அச்சுச் சுவரைத் தொடும் மெல்லிய படலம் முதலில் இளகிவிட, உள்ளே இன்னும் குளிர்ந்திருக்கும் மாவு அதன்மேல் ஒரே கட்டியாக வழுக்கிப் போகிறது. சாளரத் துளைக்காக நிற்கும் அச்சுக் கட்டையில் மோதி இரண்டாகப் பிரியும் மாவு, மறுபக்கத்தில் மீண்டும் சேரும்போது, இரு ஓட்டங்களின் முன்விளிம்பிலும் (முகப்பிலும்) உள்ள இழைகள் சேரும் கோட்டுக்கு இணையாகவே படுக்கின்றன. கோட்டைக் குறுக்காகக் கடந்து இரு பக்கத்தையும் கட்டிப்பிடிக்கும் இழை அங்கே மிகக் குறைவு. வெறும் பிசின்தான் பிடித்து நிற்கிறது. உங்கள் விரிசல் அந்தக் கோடுதான் என்பது என் கணிப்பு.

விரிந்த இடத்தில் ஒரு துண்டை வெட்டி, ஆய்வுக்கூட உலையில் சுமார் 550 டிகிரியில் பிசினை எரித்துவிடச் சொல்லுங்கள். மிஞ்சும் வெள்ளைப் பொடியை மென்தூரிகையால் நீக்கினால், கதம்பை நாரை வாரிப் படியவைத்தது போல இழைகள் கோட்டோடு படுத்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

ஸ்டைரீன் வேண்டவே வேண்டாம். பிசின் கெட்டியாக இருப்பதால்தான் இழைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இளகினால் பிசின் முந்திக்கொள்ள, இழைகள் பின்தங்கி, ஓரங்கள் வலுவிழக்கும், மூடி சுருங்குவதும் கூடும். மாவு இறுகிவிடுகிறது என்பதுதான் கவலையென்றால், அதன் உறையைத் திறந்து போடாமல், காற்றுப் புகாமல் கட்டிக் குளிர்ந்த இடத்தில் வைத்தாலே இறுகுவது குறையும்.

மாற்ற வேண்டியது மாவை வைக்கும் இடத்தை. முதலில் முக்கால் பங்கு மாவு மட்டும் வைத்து அழுத்திப் பாருங்கள். நிரம்பாத மூடியில் இரு முகப்பும் எங்கே நெருங்குகின்றன என்பது தெரிந்துவிடும். பிறகு மாவைத் துளையைச் சுற்றி வளையமாக இட்டோ, இரண்டு விரல் அளவு நகர்த்தியோ, சேரும் கோடு திருகுத் துளையை விட்டு விலகும்வரை அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.