பெரியப்பாவின் செஸ்னாவை விற்கும் முன்

கேள்வி: பெரியப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் ஆசையாக வைத்திருந்த 1966-ஆம் வருட செஸ்னா 172 விமானம், புதுச்சேரியில் ஒரு கொட்டகையில் நான்கு வருடமாகப் பறக்காமல் நிற்கிறது. பெரியம்மா விற்றுவிடச் சொல்கிறார். புதுப் பெயிண்ட் அடித்து, வாரம் ஒருமுறை இன்ஜினை ஓடவிட்டால் நல்ல விலை போகும் என்கிறார் புரோக்கர். செய்யலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள்.

தேவனாம்பட்டினம் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். அதே உப்புக் காற்றில்தான் இந்த அலுமினிய உடம்பும் நின்றிருக்கிறது. விவரம் தெரிந்தவர் வந்தால் முதலில் குனிந்து இறக்கைக்கு அடியிலும், ரிவெட் வரிசையிலும், கதவுக் கீல் ஓரத்திலும்தான் பார்ப்பார். அங்கே பெயிண்ட் கொப்பளித்து, அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அரிப்பு. இருப்பதை இருக்கிறபடி காட்டுங்கள். புதுப் பெயிண்டைப் பார்த்தால் எதை மறைக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

இன்ஜின் விஷயம் இன்னும் முக்கியம். தரையில் பத்து நிமிடம் ஓடவிட்டால் ஆயில் போதிய அளவு சூடாகாது. உள்ளே உண்டாகும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கித் துருவைக் கூட்டும். நான்கு வருடம் சும்மா கிடந்த இன்ஜினை உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் பார்க்கும்வரை புரொப்பல்லரைக் கையால்கூடச் சுற்ற வேண்டாம். ஸ்பார்க் பிளக் துளை வழியே சின்ன கேமராவை விட்டு சிலிண்டர் சுவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படங்களை வாங்குபவரிடம் அப்படியே கொடுங்கள்.

விலையைத் தீர்மானிப்பது, ஓடிய நேரத்தையும் செய்த பழுதுகளையும் எழுதிவைக்கும் லாக் புத்தகங்கள். உடம்பு, இன்ஜின், புரொப்பல்லர் மூன்றுக்கும் தனித்தனியாக இருக்கும். அந்த வருட 172-இல் வருவது ஆறு சிலிண்டர் கான்டினென்டல் ஓ-300, 145 குதிரைத்திறன். இதற்கு 1,800 மணி நேரத்துக்கு ஒரு ஓவர்ஹால், அதாவது இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்வது, என்பது கம்பெனி கணக்கு. கடைசி ஓவர்ஹாலுக்குப் பிறகு 400 மணி நேரம் ஓடியதா, 1,700 ஓடியதா என்பதில் விலை எங்கேயோ போய்விடும். புத்தகம் ஒன்று தொலைந்திருந்தால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். பெரியப்பாவின் பீரோ, டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் இன்றே தேடுங்கள். பழைய விபத்து, பழுது ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை நீங்களே எடுத்துக் காட்டுங்கள். இறக்கையை நம்பி மேலே போகப்போகிறவர் வாங்குபவர்தான்.

விமானம் இன்னும் பெரியப்பா பெயரில்தானே பதிவாகியிருக்கும்? வாரிசுச் சான்றிதழை வாங்கிவிட்டு, விமானங்களைப் பதிவு செய்யும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ-வில் உரிமை மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்ட பிறகு விலை பேசுங்கள். வருடாந்திரத் தகுதிச் சான்றான ஏ.ஆர்.சி.யும் இன்ஷூரன்சும் காலாவதியாகியிருக்கும். அவை இல்லாமல் யாராவது "ஒரு ரவுண்ட் பறந்து பார்க்கிறேன்" என்றால் விடவே விடாதீர்கள். பணம் வங்கி வழியாக வரட்டும். பதிவு மாறும்வரை சாவியும் லாக் புத்தகங்களும் பெரியம்மாவிடமே இருக்கட்டும். புரோக்கருக்கு ஜெராக்ஸ் போதும்.