முட்டியைக் காப்பாற்றப் போய் முதுகில் வலி: ஸ்குவாட்டில் எவ்வளவு கீழே போகலாம்?

கேள்வி: எனக்கு வயது 36. ஓசூரில் தனியார் நிறுவனத்தில் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தேதான். ஏழெட்டு மாதமாக ஜிம் போகிறேன். காலை எழுந்த அரை மணி நேரத்தில் அங்கே இருப்பேன். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யும்போது முட்டி கால் கட்டைவிரலைத் தாண்டவே கூடாது, தொடை தரைக்கு இணையாக வருவதற்கு முன்பே எழுந்துவிட வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். அப்படியே செய்து 60 கிலோ வரை வந்துவிட்டேன். சில வாரமாக, கால் பயிற்சி செய்யும் லெக் டேக்கு மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை. முட்டியில் வலி இல்லை, 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வரும். கூட வரும் நண்பரோ, "முழுசா உட்காரு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். யார் சொல்வது சரி? ஸ்குவாட்டையே விட்டுவிடட்டுமா?

பதில்: விட வேண்டாம். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தவறு. உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. முட்டியைக் காப்பாற்றச் சொன்ன விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறீர்கள். முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது. பெரும்பாலும் இது தற்செயல் அல்ல.

எடை மாட்டிய கம்பியை, அதாவது ராடை, தோளில் வைத்து நிற்கும்போது அந்த எடை உங்கள் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் முன்னாலோ பின்னாலோ விழுந்துவிடுவீர்கள். இப்போது முட்டியை முன்னால் போகவிடாமல் தடுத்தால் என்ன ஆகும்? கீழே இறங்க வேறு வழியில்லாமல் இடுப்பு பின்னால் தள்ளும். இடுப்பு பின்னால் போன அளவுக்கு நெஞ்சு முன்னால் சாய்ந்தால்தான் சமநிலை கிடைக்கும். ராடுக்கும் உங்கள் கீழ்முதுகுக்கும் இடையிலான தூரம் கூடிவிடுகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. எடை அதேதான், முதுகு தாங்குவது அதே அளவு அல்ல.

2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இதை நேரடியாகவே அளந்து பார்த்தார்கள். எடைப் பயிற்சியில் பழகிய ஏழு ஆண்களை முதலில் இயல்பாக ஸ்குவாட் செய்யவிட்டார்கள். அப்புறம் முட்டி விரலைத் தாண்ட முடியாதபடி முன்னால் ஒரு பலகையை நிறுத்திச் செய்யச் சொன்னார்கள். பலகை இருந்தபோது முட்டியில் விழுந்த திருப்பு விசை (மூட்டை மடக்கப் பார்க்கும் விசை) சுமார் 22 சதவீதம் குறைந்தது. இடுப்பு மூட்டில் விழுந்ததோ பத்து மடங்குக்கு மேல் ஏறியது. உடம்பும் கூடுதலாக முன்னால் சாய்ந்தது. முட்டிக்குக் கொஞ்சம் மிச்சம் பிடித்து, இடுப்பிலும் கீழ்முதுகிலும் அதைவிடப் பெரிய செலவை ஏற்றிய கணக்கு.

ஆழமாக உட்கார்ந்தால் முட்டி கெட்டுவிடும் என்ற பயமும் பழையது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன் 1961-ல், ஆழமான ஸ்குவாட் முட்டியின் லிகமென்ட்டுகளை (எலும்புகளைப் பிணைக்கும் நார்களை) தளர்த்திவிடுகிறது என்று எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சோதித்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனால் பயம் மட்டும் கடல் தாண்டி வந்து நம் ஊர் ஜிம்களில் உட்கார்ந்துகொண்டது. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் முட்டி விரலைத் தாண்டித்தான் போகிறது. பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போடுபவரிடம் போய் யாரும் "முட்டி, முட்டி" என்று எச்சரிப்பதில்லை. அதற்காக முட்டியை வேண்டுமென்றே முன்னால் தள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. குதிகால் தரையில் அழுந்தியிருக்கும் வரை முட்டி எவ்வளவு முன்னால் போகிறதோ போகட்டும். தொடை எலும்பு நீளமானவர்களுக்கு அது கூடுதலாகவே போகும்.

சரி, அரை ஸ்குவாட்டோடு நின்றுவிடுவது முட்டிக்குப் பாதுகாப்புதானே? அதுவும் நினைக்கிற அளவுக்கு இல்லை. முட்டிச்சில்லுக்குப் பின்னால் விழும் அழுத்தம் முட்டி மடங்க மடங்க ஏறிக்கொண்டே போய், கிட்டத்தட்ட 90 டிகிரியில் உச்சத்தைத் தொடுகிறது. அதற்கும் கீழே போனால் முன்தொடைத் தசையின் நாண் தொடை எலும்பின் மேலேயே படிந்து சுமையைப் பங்குபோட்டுக்கொள்கிறது. பின்தொடையும் கெண்டைக்காலும் ஒன்றோடொன்று ஒட்டும்போது இன்னும் கொஞ்சம் இறக்கிவைக்கிறது. ஆக, 90 டிகிரி பக்கத்தில் சடாரென்று நின்று திரும்புவது முட்டிக்கு எளிய இடம் அல்ல. அதோடு, அரைகுறையாக இறங்கும்போது எடையைச் சுலபமாக ஏற்றிவிடலாம். 40 கிலோ போட வேண்டியவர் 60 போட்டுவிடுவார். முட்டி பார்த்துக்கொள்ளும், ஆனால் முதுகெலும்பு தாங்குவது முழு 60 ஆயிற்றே.

இங்கேதான் உங்கள் நண்பரும் தவறுகிறார். முட்டிக்குத் தடையில்லை என்பதால் எல்லோரும் குதிகாலில் பின்புறம் ஒட்டும் வரை இறங்க வேண்டும் என்றாகிவிடாது. ஆழத்தைத் தீர்மானிப்பது முட்டி அல்ல, இடுப்பெலும்பு. கீழே போகப்போக ஓர் இடத்தில் தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் இதற்கு மேல் மடங்க இடமில்லை என்று நின்றுவிடும். அதற்கு அப்புறமும் இறங்கினால் இடுப்பெலும்பே அடியில் சுருண்டுகொள்ளும். கூடவே கீழ்முதுகின் இயல்பான உட்குழிவு முதலில் தட்டையாகி, பின்பு வெளிப்பக்கமாக வளையும். கையில் எடை இல்லாதபோது இதனால் பாதகமில்லை. இந்தியன் டாய்லெட்டில் உட்காரும்போது எல்லோருக்கும் முதுகு வளையத்தான் செய்கிறது. லேசான சுருளல் எடை தூக்குபவர்கள் பலருக்கும் உண்டு, அதற்குப் பயப்படவும் வேண்டாம். கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி முதுகு வளைவதும், அந்த வளைவோடு எடையைச் சுமந்து செட் செட்டாக எழுவதும்தான் பிரச்சினை. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கின் பின்சுவரும் அதைச் சுற்றிய தசையும் அப்போதுதான் கோபித்துக்கொள்ளும்.

இந்தச் சுருளல் எந்த ஆழத்தில் தொடங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இடுப்புக் குழியின் வடிவம், தொடை எலும்பின் நீளம், கணுக்கால் மடங்கும் அளவு எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது அது. பவர்லிஃப்டிங் போட்டியில் இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முட்டியின் உச்சியைவிடக் கீழே போனால்தான் எடை தூக்கியது செல்லுபடியாகும். நீங்கள் போட்டிக்குப் போகவில்லை. அந்த அளவு உங்களுக்குச் சட்டம் இல்லை.

உங்கள் ஆழத்தைக் கண்டுபிடிக்க ஃபோன் போதும். இடுப்பு உயரத்தில், சரியாகப் பக்கவாட்டில் அதை வையுங்கள். சட்டை தொளதொளவென்று தொங்கினால் ஒன்றும் தெரியாது, பனியனை ஷார்ட்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெறும் ராடோடு ஐந்து தடவை மெதுவாக இறங்கி ஏறுங்கள். பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், முட்டியையும் விடுங்கள். ஷார்ட்ஸின் எலாஸ்டிக் பட்டையை மட்டும் பாருங்கள். இறங்கும்போது அது முன்பக்கமாகச் சாய்ந்தபடி வரும். ஏதோ ஓர் இடத்தில் சட்டென்று திசை மாறி, பின்பக்கம் கீழே சுருளத் தொடங்கும். அதற்கு ஓர் அங்குலம் மேலே உள்ள இடம்தான் இன்றைக்கு உங்கள் ஆழம். அந்த உயரத்துக்கு ஒரு பெஞ்ச்சையோ அடுக்கிய எடை பிளேட்டுகளையோ பின்னால் வைத்து, தொட்டதும் எழுந்துவிடுங்கள். அதன் மேல் பொத்தென்று உட்காரக் கூடாது.

அடுத்தது கணுக்கால். என்னிடம் ஸ்குவாட் பிரச்சினையோடு வருபவர்களில் நாற்காலி வேலைக்காரர்களுக்கு இதுதான் அடிக்கடி இறுகியிருக்கிறது. வெறுங்காலோடு சுவர் முன்னால் நில்லுங்கள். கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் 10 சென்டிமீட்டர் இடைவெளி. குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா? அதற்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டால் கெண்டைக்காலும் கணுக்காலும் இறுக்கம் என்று அர்த்தம். அப்படியானால் முட்டி முன்னால் போக இடமில்லாமல், உடம்பு அந்தக் குறையை முதுகில்தான் ஈடுகட்டும். இரண்டு குதிகால்களுக்கும் அடியில் மெல்லிய பிளேட் வைத்துப் பாருங்கள், ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் உயரம் போதும். எடை தூக்கும் வீரர்களின் ஷூவில் குதிகால் உயர்ந்திருப்பதற்குக் காரணமும் இதுதான். பிளேட் வைத்ததும் நெஞ்சு தானாக நிமிர்ந்து, முதுகு வளைவும் குறைந்தால் உங்கள் முடிச்சு கணுக்காலில் இருக்கிறது. அந்தச் சுவர்ச் சோதனையையே தினமும் ஒரு காலுக்குப் பதினைந்து தடவை பயிற்சியாகச் செய்யலாம். மெத்தென்ற ஓட்டப்பயிற்சி ஷூவோடு ராடைத் தூக்குவதைவிட வெறுங்கால் எவ்வளவோ மேல்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் என் கண்ணை உறுத்தியது: எழுந்த அரை மணி நேரத்தில் ஜிம். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பின் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். காலையில் நாம் எல்லோரும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதல் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய டிஸ்க் குனிவதை விரும்பாது. அதே அளவு வளைந்தாலும் மாலையைவிடக் காலையில் அதில் இழுவிசை அதிகம். எழுந்து ஒரு மணி நேரம் நடமாடினாலே இதில் பெரும்பகுதி தணிந்துவிடும். மாலைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாதென்றால் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு, தோள், கை, நெஞ்சுப் பயிற்சிகளை முதலில் முடியுங்கள். ஸ்குவாட் கடைசியில் வரட்டும். லெக் டே அன்று மறக்காமல் முதல் வேலையாகக் குனிந்து விரலைத் தொடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

செய்யும் முறையில் இரண்டு மூன்று சங்கதி மட்டும் சொல்கிறேன். பாதங்கள் தோள் அகலம், விரல்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். பாதம் பார்க்கும் திசையில்தான் முட்டியும் போக வேண்டும். எழும்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் சரிந்தால், விரலைத் தாண்டுவதைவிட அதுதான் கவலைப்பட வேண்டியது. மேலே நிற்கும்போதே மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்தப்போவதுபோல் சுற்றிலும் இறுக்கி, இரண்டு மூன்று விநாடியில் இறங்குங்கள். கடினமான பகுதியைத் தாண்டி எழுந்த பிறகு மூச்சை விடலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் மூச்சைப் பிடிக்காமல், எழும்போதே விட்டுவிட வேண்டும். நெஞ்சை நிமிர்த்தச் சொன்னார்கள் என்று முதுகைப் பின்னால் வில்லாக வளைத்து, கண்ணை மேலே ஃபேனில் வைப்பவர்கள் உண்டு. அதுவும் கீழ்முதுகை நெருக்கும். பெல்ட் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வளைந்த முதுகுக்குப் பெல்ட் மருந்தாகாது, இப்போதைக்கு வேண்டாம்.

முட்டியில் வரும் 'டக் டக்' சத்தத்துக்கு வலியோ வீக்கமோ துணைக்கு இல்லாவிட்டால் அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. முட்டி வீங்கினால், பாதியில் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது மடங்கி விழப்பார்த்தால் காட்டிவிடுங்கள். முதுகு வலி பிட்டத்தில் இறங்கி முட்டிக்குக் கீழே வரை ஓடினால், கால் மரத்தால், பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்தால் ஸ்குவாட்டை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கழிப்பதில் தடையோ கட்டுப்பாடின்மையோ, உட்காரும் இடத்தில் மரப்போ வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அப்படி எதுவும் இல்லை என்றால், இரண்டு வாரம் ராடை ஒதுக்கிவையுங்கள். ஒரே ஒரு டம்பெல், 8 முதல் 12 கிலோ, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்குவாட் செய்யுங்கள். எடை முன்னால் இருப்பதால் உடம்பு தானாக நிமிரும். முட்டியை முன்னால் விடலாமா கூடாதா என்று யோசிக்க வேண்டிய வேலையே இருக்காது. எட்டெட்டாக மூன்று செட், வாரம் இரண்டு தடவை. மறுநாள் காலை முதுகு எப்படி இருக்கிறது என்பதுதான் அளவுகோல். தொடை வலித்தால் பரவாயில்லை. முதுகு முந்தைய நாளைவிட மோசமாக இருந்தால் ஆழத்தையோ எடையையோ குறையுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

பிறகு வெறும் ராடிலிருந்து தொடங்கி, வாரத்துக்கு இரண்டரை கிலோ, மிஞ்சினால் ஐந்து. மாஸ்டரோடு வாதம் வேண்டாம். பக்கவாட்டு வீடியோ இரண்டு, முட்டியைத் தடுத்து ஒன்று, தடுக்காமல் ஒன்று எடுத்து அவரிடமே காட்டுங்கள். முதுகின் சாய்வு எதில் குறைவு என்று அவருக்கே தெரிந்துவிடும். இன்னொன்று, போட்டி ராடு 20 கிலோ. நம் ஊர் ஜிம்களில் கிடக்கும் ராடுகள் பல அதைவிட லேசு. உங்கள் 60 கிலோ உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, ராடை ஒருமுறை எடை மெஷினில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.