கேள்வி – பதில்: ரோமின் கும்மட்டமும் நம்ம வீட்டுச் சுண்ணாம்புக் காரையும்

கேள்வி: அடுத்த மாதம் ரோம் போகிறோம். அங்குள்ள பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் கும்மட்டத்தில் கம்பியே இல்லை என்கிறார்களே, எப்படி நிற்கிறது? நடுவில் ஓட்டை இருந்தால் மழை உள்ளே வராதா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கம்பி இல்லை என்பது உண்மை. குறுக்களவு 43.3 மீட்டர். கம்பியில்லாத காங்கிரீட் கும்மட்டங்களில் இன்றைக்கும் உலகிலேயே பெரியது இதுதான். ஹாட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 126 வாக்கில் கட்டி முடித்தார்கள். சூட்சுமம் ஜல்லியில் இருக்கிறது. கீழே கனமான கல்லும் செங்கல் உடைசலும். உச்சியில் தண்ணீரில் மிதக்கும் எரிமலை நுரைக்கல். தடிமனும் அடியில் 6 மீட்டர், ஓட்டையின் விளிம்பில் 1.2 மீட்டர்தான். உள்பக்கம் 5 வரிசை, வரிசைக்கு 28 சதுரக் குழிகள். அழகுக்கு அழகு, பாரமும் குறைவு. அப்படியும் கீழ்ப்பாதி வெளியே விரியப் பார்த்ததால் மேலிருந்து கீழாக விரிசல் விட்டிருக்கிறது. விரிந்து சாயாமல் பிடித்து நிற்பது சுற்றியுள்ள தடித்த சுவர்.

மழை வரும், நம்ம வளவு முற்றத்தில் விழுவது போலவே. தரைக்கு லேசான வாட்டமும், தண்ணீர் இறங்க 22 துளைகளும் உண்டு. பளிங்கு ஈரமானால் வழுக்கும். வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப் போங்கள். உச்சிப்பொழுதில் போவது நல்லது. கோடையில் வெயில் வட்டம் தரையில் விழும், குளிர்காலத்தில் கும்மட்டத்திலேயே நின்றுவிடும். 609 முதல் அது தேவாலயம் என்பதால் வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது. 2023 முதல் கட்டணமும் உண்டு.

கேள்வி: ரோமர்கள் கட்டியதும் சுண்ணாம்பில்தானே? எங்கள் பழைய வீட்டில் காரை உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: சுண்ணாம்பேதான். அதோடு எரிமலைச் சாம்பல் சேர்த்தார்கள். அதனால் தண்ணீருக்குள்ளும் இறுகியது. நம்ம பக்கம் அந்த வேலையைச் செய்தது சுர்க்கி, அதாவது செங்கல் தூள்.

சிமெண்ட் வேண்டவே வேண்டாம். சுவரில் ஏறிய ஈரம் அதன் வழியே வெளியேறாது. ஓரங்களில் உப்புப் பூத்து, நன்றாக இருக்கும் காரையையும் தள்ளிவிடும். விரலால் தட்டுங்கள். பொள்ளலாகக் கேட்கும் இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, செங்கல்லை நனைத்து, சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு கலந்து பூசுங்கள். ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டர் போதும். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். சுண்ணாம்பை முழுதாக நீற்றிச் சலிக்க வேண்டும். நீறாத கட்டி ஒன்று தங்கினாலும் பிறகு ஊதி, மெருகிட்ட பரப்பில் அம்மைத் தழும்பு போலக் குழி விழும்.