மகிழமரத்தைப் பற்றி மட்டும்தான் பேசினோம்

கேள்வி: எனக்கு 41 வயது. தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. கணவர் கடை வைத்திருக்கிறார், பிள்ளைகள் இருவர். என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. போன ஜூனில் சாரல் தொடங்கிய அன்று வராந்தாவில் நின்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அன்றிலிருந்து மழை, மலை, பள்ளிக்கூடத்து மகிழமரம் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. காலையில் எனக்கு முன்னால் வந்து, உதிர்ந்து கிடக்கும் பூக்களை என் சாக்பீஸ் டப்பாவில் போட்டு வைப்பார். ஒரு தப்பான வார்த்தை கிடையாது. இப்போது கலந்தாய்வில் சொந்த ஊருக்கு மாறுதல் கேட்கப் போகிறாராம். “இந்த மரத்த விட்டுட்டுப் போகத்தான் மனசு வரல டீச்சர். நீங்க என்ன சொல்றீங்க?” என்றார். நான் வாயே திறக்கவில்லை. என்ன சொல்லட்டும்?

- பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் மகிழமரம் 14 இடத்தில் வருகிறது. உங்கள் வீட்டுக்காரர் 2 இடத்தில் வருகிறார், இரண்டிலும் கடையில் இருக்கிறார். குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. எழுதும்போது உங்களுக்கே தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன்.

மனசு ஒரு பக்கம் சாய்ந்தது குற்றமா என்றால், இல்லை. அதற்காக ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் “நாங்கள் ஒன்றுமே பேசிக்கொள்ளவில்லை” என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் தமிழ் டீச்சரா, கணக்கு டீச்சரா தெரியாது. எதுவானாலும் உள்ளுறை என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மரத்தையும் பறவையையும் சொல்லி மனசில் இருப்பதை உணர்த்துவது. இரண்டாயிரம் வருஷமாக நம் ஆட்கள் காதலைப் பேசிய வழியே அதுதான். “இன்னிக்கு நிறைய உதிர்ந்திருக்கு” என்று அவர் சொன்னதும் “ராத்திரி காத்து அதிகம்” என்று நீங்கள் சொன்னதும் தாவரவியல் பாடமா என்ன? இருவரும் நிறையவே பேசியிருக்கிறீர்கள். யாராவது கேட்டால் மரத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ள வசதியாகப் பேசியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் ஊர்ச் சாரலைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. மழை கொட்டுவது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று அதில் கொஞ்சத்தை அள்ளி வந்து இந்தப் பக்கம் தூவிவிட்டுப் போகிறது. மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. குடை விரிக்கத் தோன்றாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் முந்தானை ஈரமாக இருக்கும். நீங்கள் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான்.

இன்னொன்று கவனித்தீர்களா? பழைய பாட்டுகளில் தலைவன், தலைவி இரண்டு பேர் மட்டும் இருப்பது அபூர்வம். பெரும்பாலும் பக்கத்தில் ஒரு தோழி இருப்பாள். குறுந்தொகையின் 18-ஆவது பாட்டில் கபிலர் ஒரு பலாமரத்தைக் காட்டுகிறார். சின்னக் கொம்பில் பெரிய பழம் தொங்குவது போல, இவள் உயிரோ சிறியது, ஆசையோ பெரியது என்கிறாள் தோழி. எத்தனை அழகான உவமை! குற்றாலம் சீசனில் பலாப்பழம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். ஆனால் அவள் அதை ரசித்துக்கொண்டு நிற்பதற்காகச் சொல்லவில்லை. இரவில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவனை வழிமறித்து, எப்போது கல்யாணம் செய்யப் போகிறாய் என்று நெருக்குகிறாள். கொம்பு முறிவதற்குள் ஒரு முடிவைச் சொல் என்கிறாள்.

உங்களுக்கு அப்படி ஒரு தோழி இல்லை. அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவள் வேலையைத்தான் நான் இப்போது செய்யப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவரைப் போக விடுங்கள். மாறுதல் கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று உங்களிடமே கேட்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர் மேல் கொஞ்சம் வருத்தம். தன் குடும்பத்துக்கான முடிவை உங்கள் தலையில் இறக்கி வைக்கிறார். “போகாதீங்க” என்று ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால் போதும், அதன் பிறகு வருகிற எல்லாமே நீங்கள் சொல்லி நடந்ததாகிவிடும்.

மனசைத் திறந்து ஒரு தடவை பேசித் தீர்த்துவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேறு இடங்களில் நானும் சொல்லியிருக்கிறேன். இங்கே வேண்டாம். இதுவரை மரத்தோடு நின்றது வார்த்தையாகிவிட்டால் திரும்ப மரத்தில் கொண்டுபோய் ஒட்ட முடியாது. அவர் பேசிய பாஷையிலேயே பதில் சொல்லுங்கள்: “மரம் எங்க சார் போகப் போகுது? நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க.” அவருக்குப் புரியும். புரியாத மாதிரி நின்றால் மணி அடித்துவிட்டது என்று வகுப்புக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் ஒரு நாள் நீங்களே குனிந்து நாலு பூ பொறுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்துப் பாருங்கள். நடுவில் ஓட்டை இருக்கிற பூ, ஊசி இல்லாமலே கோக்கலாம் என்று ஏதாவது சொல்லுங்கள். அவர் “இது எதுக்கு?” என்று கேட்டுவிட்டுக் கணக்கு நோட்டைப் பார்க்கலாம். பரவாயில்லை. கொடுக்க உங்களுக்குக் கை வருகிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். வரவே இல்லை, அந்த வீட்டில் உங்களோடு பேச ஆளே இல்லை என்றால் அது வேறு கதை. அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள். இந்த வாத்தியார் வந்ததால் தொடங்கியதாக இருக்காது அது, அவர் போனால் தீரவும் தீராது.

டப்பாவில் சேர்ந்திருக்கும் பூவை மரத்தடியிலேயே கொட்டிவிட்டு வாருங்கள். பீரோவுக்குள் மட்டும் கொண்டுபோக வேண்டாம். மகிழம்பூ காய்ந்தாலும் மணம் போகாது, சேலையெல்லாம் ஏறிக்கொள்ளும்.

ஜூனில் சாரல் வரும். அன்றைக்கு அந்த வராந்தாவில் நிற்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கு எழுதுங்கள். மரத்தைப் பற்றி மட்டும் எழுதினாலும் படிக்கிறேன்.